அம்மாவின் வாய்க்குள் இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை: இல்லத்தில் எதைக் கேட்பது?

மூத்தமகள்

அம்மாவுக்கு 82 வயது. மறதி நோய் முற்றிவிட்டதால் 14 மாதமாக ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். கடந்த இரண்டு மாதத்தில் மட்டும் 5 கிலோ இறங்கிவிட்டார். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சில நாள் கையைத் தட்டிவிடுவார். "நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறது, பசி இப்படித்தான் குறையும்" என்று இல்லத்தில் சொன்னார்கள். நானும் அதை நம்பி மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

போன வாரம், விடுப்பில் போனவருக்குப் பதிலாக வேறொரு நர்ஸ் வந்திருந்தார். நான் பக்கத்தில் இருக்கும்போதே டார்ச் அடித்து அம்மாவின் வாயைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மேல் பல்செட்டு அண்ணத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. நனைத்து நனைத்துக் கழற்றவே கால் மணி நேரம் ஆனது. அடியில் பல்செட்டின் அச்சு அப்படியே தெரியும்படி அண்ணம் முழுக்கச் சிவந்திருந்தது. கீழ்த்தாடையில் இரண்டு பற்கள் ஈறோடு ஈறாக உடைந்து வேர் மட்டும் நிற்கிறது. எப்போது உடைந்தன, உடைந்த துண்டுகள் எங்கே போயின, யாருக்கும் தெரியவில்லை.

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். "வாய் சுத்தம்" என்ற கட்டத்தில் தினமும் இரண்டு வேளை டிக் இருக்கிறது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அம்மா பேச்சை நிறுத்தி ஏழெட்டு மாதம் ஆகிறது. வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான். அதை ஒவ்வொரு வேளையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

யாரோடும் சண்டை போடும் எண்ணம் இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டும் பெண் எவ்வளவு பிரியமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது இனி நடக்கக் கூடாது. இல்லத்தில் நான் எதைக் கேட்க வேண்டும்? நானே என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

அக்கா, நான் 11 வருடமாகப் பராமரிப்பாளர் வேலையில் இருக்கிறேன். அந்த டிக் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும்.

காலை ஷிஃப்டில் எனக்கு எட்டுப் பேர். எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், உடம்பு துடைத்து, உடை மாற்றி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பல் தேய்ப்பது கடைசியில் வரும். ஒருவர் வாயை இறுக மூடிக்கொண்டால் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று அடுத்தவரிடம் போய்விடுவோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஷிஃப்ட் முடியும்போது பதிவேட்டில் மேலிருந்து கீழாக டிக் விழும். நானும் போட்டிருக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மலம் சுத்தம் செய்வது முதல் வாரத்திலேயே பழகிவிடும். அடுத்தவர் வாய்க்குள் கைவிடுவது அவ்வளவு சீக்கிரம் பழகாது. கடித்துவிடுவார்களோ என்று பயம். ரத்தம் வந்தால் நாம்தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயம். ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். படிந்த அழுக்கால் ஈறு வீங்கித்தான் ரத்தம் கசிகிறது, மெதுவாகத் தொடர்ந்து தேய்த்தால்தான் அது நிற்கும் என்று ஒரு பல் மருத்துவர் வந்து காட்டிக்கொடுத்த பிறகே தெரிந்தது. அதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மறதி நோய் உள்ளவர்களிடம் எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். முன்பக்கமாகப் போய், கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிரஷைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பின்னாலிருந்து திடீரென்று தாடையைப் பிடித்தால் யாராக இருந்தாலும் தட்டித்தான் விடுவார்கள். பிரஷை முதலில் அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையைக் கை மறப்பதில்லை, பல பேர் தானாகவே வாய்க்குக் கொண்டுபோவார்கள். தொடங்கியதும் நம் கையை அவர் கைமேல் வைத்து நடத்தலாம். அதுவும் ஆகவில்லையென்றால் பிடித்துக்கொள்ள ஒரு பிரஷையோ சிறு துண்டையோ கொடுத்துவிட்டு நாம் இன்னொரு பிரஷால் தேய்க்கலாம். எதிரே நின்று நாமும் பல் தேய்ப்பது போல் செய்தால் பார்த்துச் செய்பவர்கள் உண்டு.

என்னிடம் வாயே திறக்காத ஒரு பாட்டி, என்னோடு வேலை செய்பவர் பாடிக்கொண்டே போனால் திறப்பார். ஆளை மாற்றிப் பார்ப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. நேரத்தையும் மாற்றலாம். காலையில் முரண்டு பிடிப்பவர் மாலையில் இசைவார்.

விரலை மட்டும் இரண்டு பல்வரிசைக்கு நடுவே விடாதீர்கள். உதட்டோரமாக நுழைத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் வைத்து மெதுவாக ஒதுக்கினால் போதும். பிரஷைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். விட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் தாடை தானாகத் தளரும்.

கையில்டார்ச்

நான் பல் மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் இல்லங்களுக்குப் போய்ப் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சிவப்பு பல்செட்டின் அச்சிலேயே இருக்கிறது என்றால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை. அது பலர் வாயில் சாதாரணமாகவே இருக்கும். எச்சில் புகாத, கழற்றவே படாத பல்செட்டுக்கு அடியில் பெருகிவிடும். பல்செட்டின் பிளாஸ்டிக்கில் உள்ள நுண்துளைகளிலும் குடியேறிவிடும். அதனால் அண்ணத்துக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் பல்செட்டை அப்படியே மாட்டினால் கொஞ்ச நாளில் மறுபடி வரும். இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ராத்திரி கட்டாயம் கழற்றி வைக்க வேண்டும்.

அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறாரா? எடுத்தால் மருந்து எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மைக்கோனசோல் ஜெல், வாயில் தடவுவதுதானே என்று நினைத்தாலும், வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். அப்படிப்பட்டவர்களுக்கு நிஸ்டாட்டின் சொட்டு மருந்து இருக்கிறது.

உடைந்த வேர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லா வேரையும் பிடுங்கியாக வேண்டும் என்றில்லை. வலி, சீழ், ஆட்டம் இல்லாத வேரின் கூர்மையை மழுக்கி, சொத்தையை நிறுத்தும் சில்வர் டயமைன் ஃபுளூரைடு என்ற திரவ மருந்தைத் தடவி வைக்கலாம். ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம். 38 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டு. படுக்கையில் இருப்பவருக்கும் செய்யலாம். தடவிய சொத்தை கெட்டிப்பட்டுப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவுவது நல்லது.

பிடுங்கத்தான் வேண்டும் என்றால், எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா எப்போதாவது மருந்து எடுத்திருக்கிறாரா என்று பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். அலெண்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் அமில ஊசி, டெனோசுமாப் ஊசி போன்றவை. அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் இவற்றை எடுத்தவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். சில வருடம் முன்பு போட்டு நிறுத்திய ஊசியும் கணக்கில் வரும். இல்லத்தின் பதிவேட்டில் அது இருக்காது. குடும்பத்துக்குத்தான் தெரியும்.

உடைந்த துண்டுகளைப் பற்றி: பெரும்பாலும் விழுங்கியிருப்பார், தானாக வெளியே போயிருக்கும். ஆனால் புதிதாக இருமல், மூச்சில் சத்தம், விட்டுவிட்டுக் காய்ச்சல் ஏதாவது இருந்தால் இந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பல் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போவதும் நடக்கக்கூடியதே.

இல்லத்தில் கேட்க வேண்டியதில் முதலாவது, வாய் நிலையைப் பதியும் படிவம். 2005ல் ஆஸ்திரேலியாவில் ஜேன் சால்மர்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஒரு படிவம் பல நாடுகளில் பயன்படுகிறது. எட்டு விஷயம் பார்க்க வேண்டும்: உதடு, நாக்கு, ஈறும் உட்சதையும், எச்சில், இயற்கைப் பற்கள், பல்செட்டு, வாயின் சுத்தம், பல்வலியின் அறிகுறி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். நன்றாக இருந்தால் 0. இதற்குப் பல் மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற நர்ஸோ பராமரிப்பாளரோ சில நிமிடத்தில் முடித்துவிடலாம். கையில் டார்ச் வேண்டும், பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சேரும் நாளிலேயே இதை நிரப்பி, பிறகு சீரான இடைவெளியில் திரும்பப் பார்த்திருந்தால் உங்கள் அம்மாவின் வாய் இந்த நிலைக்கு வந்திருக்காது.

கடைக்குட்டி

படிக்கும்போதே கை நடுங்குகிறது. என் அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருடம் இல்லத்தில் இருந்தார். மூன்று முறை நிமோனியா. மூன்றாவது முறை திரும்பி வரவில்லை. அவர் வாயிலிருந்து எப்போதும் ஒரு வாடை அடிக்கும், வயதானால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பல்லுக்கும் நிமோனியாவுக்கும் தொடர்பு உண்டு என்று இப்போதுதான் எங்கோ படித்தேன். உண்மையா டாக்டர்?

கையில்டார்ச்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு வந்தது இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசைகளே தளர்ந்துவிடுவதால் நிமோனியா வரப் பல வழி உண்டு. அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

தொடர்பு உண்டு என்பது உண்மைதான். நமக்கெல்லாம் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமி வெளியேற்றிவிடுவோம். பலவீனமானவர்களுக்கு அந்த இருமல் வருவதில்லை. சத்தமே இல்லாமல் புரையேறும். வாய் சுத்தமாக இருந்தால் உள்ளே போகும் எச்சிலில் கிருமி குறைவு. பல்லிலும் நாக்கிலும் நாள்கணக்கில் படிந்த அழுக்கோடு போனால் நுரையீரலுக்குப் பெரிய சுமை.

ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு வருடம் ஓர் ஆய்வு நடத்தி 2002ல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குப் பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பல் தேய்த்துவிட்டார்கள், வாரம் ஒருமுறை பல் துறையைச் சேர்ந்தவர் வந்து சுத்தம் செய்தார். அவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிக் கவனிக்காத சாராரில் 19 சதவீதம். அதே நாட்டில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் கவனித்த இன்னோர் ஆய்வு 2015ல் வந்தது. அவர்கள் இல்லங்களில் இருந்தவர்கள் இல்லை, வீட்டில் இருந்தவர்கள். பல்செட்டைக் கழற்றாமல் தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து 2.3 மடங்கு இருந்தது.

எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் 14 இல்லங்களில் நடந்து 2020ல் வெளிவந்த ஆய்வில் முதல் வருடம் நிமோனியா குறைந்தது, இரண்டு வருடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. பயிற்சி கொடுத்த சூடு ஆறியதும் கவனிப்பு தளர்ந்துவிடுவதை நான் போகும் இல்லங்களிலும் பார்க்கிறேன். அதனால்தான் "ஒரு நாள் பயிற்சி நடத்திவிட்டோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி வருவதில்லை. ஆறு மாதம் கழித்து யார் செய்கிறார்கள் என்றுதான் கேட்பேன்.

மெல்லவிழுங்கு

விழுங்கல் சிகிச்சையாளராக இருக்கிறேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குப் பல் தேய்க்கும் முறையே வேறு. நிறையப் பேர் இதில் தவறு செய்கிறார்கள்.

மல்லாந்து படுத்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துண்டு விரித்து, எச்சில் கன்னத்தோரமாக வடியும்படி செய்யுங்கள். பேஸ்ட் ஒரு தீற்றல் போதும். நுரை அதிகம் வராத பேஸ்டாக இருந்தால் நல்லது, நுரைதான் தொண்டைக்குள் போய்ப் புரையேற்றும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். துப்பத் தெரியாதவருக்கு ஈரமான காஸ் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். எச்சிலை உறிஞ்சும் குழாயோடு வரும் பிரஷும் இருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு கன்னத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு உணர்வில்லாத பக்கத்தில் ஒரு கவளம் அப்படியே தங்கியிருக்கும். அடுத்த வேளைச் சாப்பாடு வரும்போதும் அது அங்கேயே இருக்கும். படுத்த பிறகு அது தொண்டைக்குள் நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். புரையேறாமலிருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் குடிப்பவர்களுக்கு அண்ணத்திலும் நாக்கிலும் ஒரு பிசின் படியும், அதையும் துடைக்க வேண்டும்.

குழாய் வழியே உணவு போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "வாயால் சாப்பிடுவதில்லையே, எதற்குத் தேய்க்க வேண்டும்" என்று கேட்பார்கள். மெல்லாத வாயில் எச்சில் சுரப்பு குறையும், அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

குச்சி நுனியில் பஞ்சு வைத்த ஸ்பாஞ்ச் உதட்டை ஈரப்படுத்த உதவும், பல்லில் உள்ள அழுக்கை எடுக்காது. கடிக்கும் பழக்கம் உள்ளவரிடம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். பஞ்சு கழன்று தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தலைமைச்செவிலி

எல்லாம் சரி, ஆனால் இல்லத்தின் பக்கமிருந்தும் ஒருவர் பேச வேண்டும். நான் அப்படி ஓர் இல்லத்தில் நர்ஸ்களின் பொறுப்பாளர்.

ஒருவருக்கு ஒழுங்காக வாய் சுத்தம் செய்ய ஐந்து நிமிடமாவது ஆகும். எதிர்ப்பு காட்டுபவர் என்றால் பதினைந்து. காலையில் எட்டுப் பேருக்கு இதை எங்கிருந்து எடுப்பது? ஆள் கேட்டால் கிடைப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், வேண்டாம் என்று தலையாட்டும் ஒருவருடைய வாயை நான் திறக்கலாமா? மறதி நோய் உள்ளவராக இருந்தாலும் அவர் உடம்பு அவருடையது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. என் இல்லத்தில் அதை அனுமதிப்பதில்லை.

இங்கிலாந்தில் இல்லங்களைக் கண்காணிக்கும் ஆணையம் 2019ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் போய்ப் பார்த்த இல்லங்களில் 52 சதவீதத்தில் வாய்ப் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கையே இல்லை. 47 சதவீதத்தில் ஊழியருக்கு அதில் பயிற்சியே இல்லை. 2016லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்ட நாட்டில் இந்த நிலை. ஓர் ஊழியர் டிக் போட்டுவிட்டார் என்று அவரைப் பிடிப்பதால் இது தீராது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவுப்பணி

மேடம், பிடித்துவைத்துத் தேய்ப்பது தவறு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் "வேண்டாம் என்கிறார்" என்பதை ஒரு முறை கேட்டுவிட்டு அதோடு முடித்துக்கொள்வதும் சரியில்லை. டயப்பர் மாற்றும்போதும்தான் எதிர்ப்பு காட்டுகிறார்கள். அங்கே நாம் விட்டுவிட்டுப் போவதில்லையே. பத்து நிமிடம் கழித்து வருவோம், வேறு ஆளை அனுப்புவோம், பேச்சுக் கொடுப்போம், எப்படியாவது முடிப்போம். வாய்க்கு மட்டும் முதல் மறுப்பே போதும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

வாயைக் காட்ட மறுப்பது வலியால் வரும் மறுப்பாகவும் இருக்கலாம். இங்கே அக்காவின் அம்மாவுக்கு நடந்தது அதுதானே? மூன்று நாள் தொடர்ந்து மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதிவிட்டு நிற்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நேரம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் பகுதியில் அதைக் காலையிலிருந்து எடுத்துவிட்டோம். மாலை நாலு மணிக்கும் தூங்கப் போவதற்கு முன்பும் என்று பிரித்தோம். காலையில் முடிந்தவர்களுக்கு மட்டும். ராத்திரித் தேய்ப்பு எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. தூக்கத்தில் எச்சில் வற்றிவிடும், அழுக்கோடு படுத்தால் எட்டு மணி நேரம் அப்படியே ஊறும்.

தலைமைச்செவிலி

நாலு மணி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பகுதியில் செய்து பார்க்கிறேன். "மறுத்தார்" என்ற சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். எங்கள் பதிவேட்டிலும் அது நிறைய இருக்கிறது.

மருந்துப்பெட்டி

மருந்தாளுநர். இதுவரை யாரும் வாய் வறட்சியைத் தொடவில்லையே.

இல்லத்தில் இருப்பவர்களில் பலர் ஐந்தாறு மருந்துகளுக்கு மேல் எடுப்பார்கள். அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுப்பது, சில மனச்சோர்வு மாத்திரைகள், மனநோய் மருந்துகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், ஓபியாய்டு வலி மருந்துகள், எல்லாமே வாயை வறளச் செய்பவை. எச்சில் இல்லாவிட்டால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அதுவும் வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். பல்லின் மேலோடு கரைய அது 5.5 வரை இறங்க வேண்டும், வேரோ 6.2 முதல் 6.7க்குள்ளேயே, அதாவது லேசான அமிலத்திலேயே, கரையத் தொடங்கிவிடும். பற்கள் ஈறோடு உடைந்தன என்கிறீர்களே, பெரும்பாலும் இப்படித்தான் கழுத்தில் அரித்து ஒரு நாள் மளுக்கென்று முறியும்.

அம்மாவின் மருந்துப் பட்டியலை டாக்டரிடம் காட்டி, நிறுத்தக்கூடியது, மாற்றக்கூடியது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரைப் பாகில் கலந்த மருந்துகளுக்கு சர்க்கரை இல்லாத வகை கிடைக்கலாம். எடை ஏற்றக் கொடுக்கும் சத்துப் பானங்களை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவைத்தால் பல் நாள் முழுக்க சர்க்கரையில் ஊறும். நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிடுங்கள்.

வேரில் சொத்தை உள்ளவர்களுக்கு 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) ஃபுளூரைடு உள்ள பேஸ்டை மருத்துவர் சீட்டில் எழுதித் தரலாம். கடையில் வழக்கமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1000 முதல் 1500 வரைதான். உதட்டுக்குத் தடவ, ஆக்சிஜன் வைத்திருப்பவர் என்றால் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், தண்ணீர் சார்ந்த களிம்பு எடுங்கள். எலுமிச்சையும் கிளிசரினும் தோய்த்த குச்சிகளைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள், அமிலம் பல்லை அரிக்கும், வறட்சியும் கூடும்.

கடைக்குட்டி

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்கழுவி கொடுத்தால் பிரஷ் தேவையில்லை என்று எங்களுக்குச் சொன்னார்கள். அது சரியா?

கையில்டார்ச்

சரியில்லை. ஒட்டிப் படிந்த அழுக்கைத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். ஈறு மோசமாக இருக்கும்போது சில நாளுக்குத் துணையாகக் கொடுக்கலாம், பிரஷில் தோய்த்தும் தேய்க்கலாம். வெகுநாள் கொடுத்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவை மாறும். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாதவருக்கு அது இன்னொரு தடை. பேஸ்ட் போட்ட உடனே கொடுத்தால் வேலையும் செய்யாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும்.

நிழல்மரம்

என் மனைவி இல்லத்தில் இருந்த மூன்று வருடத்தில் பல்செட்டு இரண்டு முறை தொலைந்தது. ஒரு முறை சாப்பாட்டுத் தட்டில் காகிதத்துக்குள் சுருட்டி வைத்திருந்தாள், தட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. இன்னொரு முறை அவள் வாயில் வேறொருவருடைய பல்செட்டு இருந்தது. நான்தான் சிரிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அது என்னை எவ்வளவு உலுக்கியது என்று சொல்ல வார்த்தை இல்லை. புதிதாகச் செய்து போட்டாலும் மறதி நோய் உள்ளவர்களுக்குப் பழகுவது கடினம், அவளுக்குப் பழகவே இல்லை.

அதனால் பல்செட்டில் பெயர் எழுதுங்கள். கன்னத்தைப் பார்த்த வெளிப்பக்கத்தில், பின்னால், நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அழியாத பேனாவால் எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு பூச்சு பூசி நன்றாகக் காயவிட வேண்டும். சில மாதம் தாங்கும். புதிதாகச் செய்வதானால் உள்ளேயே பெயர் பதித்துத் தருவார்கள், கேட்டால் போதும்.

கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டோ துண்டு விரித்துவிட்டோ கழுவுங்கள், கைநழுவினால் உடையாது. வெந்நீர் கூடாது, வடிவம் மாறிவிடும். பற்பசை சொரசொரப்பு, அதில் கீறல் விழும். சோப்பும் தனி பிரஷும் போதும். கம்பி வைத்த பல்செட்டை ப்ளீச்சில் போடாதீர்கள், உலோகம் அரித்துவிடும். ராத்திரி பெயரெழுதிய டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைக்க வேண்டும்.

கடைசி நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் கண் திறக்காத அந்த ஒன்பது நாளும் வாய் திறந்தபடியே மூச்சு விட்டாள், நாக்கு மரப்பட்டை போல் ஆகிவிட்டது. ஒரு நர்ஸ் எனக்குச் சின்ன மிருதுவான பிரஷைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, உதடும் நாக்கும் ஈறும் துடைக்கச் சொல்லிக்கொடுத்தார். அரை மணிக்கு ஒரு முறை செய்தேன். அந்த நேரத்தில் அவளுக்காக நான் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

மூத்தமகள்

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்று பதில் எழுத முடியவில்லை. அம்மாவிடம் போய்விட்டேன்.

பல் மருத்துவர் இல்லத்துக்கே வந்து பார்த்தார். பூஞ்சைதான். மருந்தோடு பல்செட்டையும் தினமும் சுத்தம் செய்தார்கள், இரண்டாவது வாரமே அண்ணத்தின் நிறம் மாறிவிட்டது. ஒரு வேரில் சீழ் இருந்தது, அதை எடுத்துவிட்டார். பழைய சீட்டுகளில் எலும்பு மருந்து எதுவும் இல்லை. இன்னொரு வேருக்கு சில்வர் மருந்து தடவியிருக்கிறது. கறுப்பாகத்தான் இருக்கிறது, எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. மருந்துப் பட்டியலில் ஓர் அலர்ஜி மாத்திரை, எதற்கு என்றே தெரியாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் நிறுத்திவிட்டார். எடை 800 கிராம் ஏறியிருக்கிறது.

இல்லத்தில் பொறுப்பாளரைப் பார்த்தபோது புகார்க் கடிதம் கொண்டுபோகவில்லை. அந்த எட்டுக் கட்டப் படிவத்தைத் தமிழில் எழுதி எடுத்துப்போனேன். முதலில் தயங்கினார்கள். அம்மாவுக்கு மட்டும் என்று தொடங்கி, இப்போது அந்தத் தளத்தில் இருக்கும் எல்லாருக்கும் போடுகிறார்கள். தினசரிப் பதிவேட்டில் டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதும் இடம் வைக்கச் சொன்னேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். நேரம் மாலை நாலு மணிக்கு மாறியிருக்கிறது. நான் போகும் நாட்களில் நானே தேய்க்கிறேன். பிரஷை அம்மா கையில் கொடுத்தேன், முதல் நாள் அதை வைத்துத் தலை வாரிக்கொள்ளப் பார்த்தார். மூன்றாவது நாள் வாய்க்குக் கொண்டுபோனார்.

இரவுப்பணி

அக்கா, அந்தப் படிவத்தின் படத்தை இங்கே போட முடியுமா? எங்கள் இல்லத்தில் காட்ட வேண்டும்.

மூத்தமகள்

போட்டிருக்கிறேன் தம்பி, கீழே பாருங்கள். அம்மாவுக்கு நிரப்பியதுதான், பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். எட்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருப்பது அம்மாவைக் குளிப்பாட்டும் பெண்ணுடைய கையெழுத்து: "இடதுபக்கம் தொட்டால் புருவம் சுருங்குகிறது. வலதுபக்கம் தொடங்கினால் விடுகிறார்."